ஷாஹிஸ்தாவின் யாஷிகா

சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீசுகளுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் நான் ஜாக்கெட் தைக்கிறேன். பெயர் அமுதவல்லி. கோபம் வந்தால் என் வாய் நிற்காது என்பது தெருவுக்கே தெரியும். இதையும் கோபத்தோடுதான் சொல்கிறேன். அடுத்த வீட்டு ஷாஹிஸ்தாவைத் திருடி என்றார்கள். அவளைப் போய்!

உங்களுக்கு அவளைத் தெரிந்திருந்தால் நீங்களும் என்னோடு சேர்ந்து கத்தியிருப்பீர்கள். அவள் வீட்டுக்காரர் கரீம் பாஷா லாரி ஓட்டுகிறார். ஒருமுறை மும்பைக்கு லோடு போனவர், அங்கே பழைய சாமான் சந்தையில் பெட்டி மாதிரி ஒரு கேமராவை வாங்கி வந்தார். மேலே ஒரு கண், கீழே ஒரு கண், நெற்றியில் யாஷிகா என்று பெயர். ஷோகேஸில் வைக்கலாம் என்பது அவர் எண்ணம். இவள் விட்டாளா? யூடியூபில் எவனோ கழற்றிக் காட்டுவதைப் பார்த்துப் பார்த்து, என் தையல் மெஷின் ஸ்க்ரூ டிரைவரை வாங்கிப் போய்த் திருகி, இறுகிக் கிடந்த ஷட்டரை ஓட வைத்துவிட்டாள். ஸ்க்ரூ டிரைவரைத்தான் இன்னும் திருப்பித் தரவில்லை, அது வேறு கதை.

அந்தக் கேமராவை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கக் கூடாது. வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மேல் மூடியைத் திறந்து, குனிந்து பார்க்க வேண்டும். கீழ்க் கண் பிலிமுக்கு. மேல் கண் வழியாக வருவது உள்ளே மெல்லிய கோடுகள் போட்ட ஒரு சின்னக் கண்ணாடியில் விழும். எதிரே நிற்பவர் அதில் அப்படியே கலரில் தெரிவார், ஆனால் இடம் வலமாக மாறி. அவர் இந்தப் பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் அந்தப் பக்கம் போவார். முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தலை சுற்றிவிட்டது.

கறுப்பு வெள்ளை பிலிம்தான் போடுவாள். பாத்ரூமை இருட்டாக்கிப் பிலிமைக் கழுவுவதும் அவளே, பிரிண்ட் போடுவதும் அவளே. போட்டோவோடு நெகட்டிவையும் அதே கவரில் போட்டுக் கொடுத்துவிடுவாள். தன்னிடம் ஒன்றையும் வைத்துக்கொள்ள மாட்டாள்.

"படம் அவங்களுது. நான் எதுக்குங்க்கா வெச்சுக்கோணும்?" என்பாள்.

இது மெல்ல மெல்லப் பரவிவிட்டது. தங்கள் முகம் அடுத்தவர் போனில் ஊர் சுற்றுவது பிடிக்காத பெண்கள் ஜலகண்டாபுரத்திலிருந்தெல்லாம் இவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். நான் வெளிச்சத்துக்கு வெள்ளைத் துணி பிடிக்கக் கூடப் போவேன்.

அப்படி வந்தவள்தான் இனியா. ஓமலூர்ப் பக்கத்துப் பெண், நர்ஸ் வேலை. படிக்கும்போது கூடப் படித்த ஒரு நாய், அவள் முகத்தை வேறு எவள் உடம்பிலோ ஒட்டிப் பரப்பிவிட்டிருக்கிறான். போலீஸ், கோர்ட் என்று அலைந்து மீண்டவள். அதற்குப் பிறகு ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை.

"கல்யாணத்துக்குப் படம் வேணுங்க்கா. ஆனா அது யார் போனுலயும் இருக்கக் கூடாது" என்றாள்.

"இருக்காது சாமி" என்று ஷாஹிஸ்தா வாக்குக் கொடுத்தாள்.

மாப்பிள்ளை ஆனந்தகுமார், எங்கள் ஊர்க்காரன்தான், லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். இனியா எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டாள். சரி என்றுதான் கட்டினான்.

மண்டப வாசலில் அன்னக்கூடையை வைத்து வந்தவர்கள் போனையெல்லாம் வாங்கினோம். முனகினார்கள், முறைத்தார்கள், கொடுத்தார்கள். மாப்பிள்ளையிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? தாலி கட்டப் போகிறவரிடம் போனைக் கொடுங்கள் என்றால் மரியாதைக் குறைச்சல் இல்லையா? "வேண்டாமுங்க, கோவிச்சுக்குவாங்க" என்று இனியாவின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மரியாதை!

கல்யாணம் முடிந்த வாரமே இனியாவின் படம் இன்ஸ்டாகிராமில் வந்துவிட்டது. ஜன்னலோரம் தனியாக நின்று சிரிக்கும் படம், பாட்டெல்லாம் போட்டு. பழைய கூட்டம் அடையாளம் கண்டுகொண்டது. அதன் கீழே அந்தப் பொறுக்கிகள் எழுதியதை நான் இங்கே சொல்ல மாட்டேன். அந்தப் பெண் வேலைக்குப் போகவில்லை, சோறு தின்னவில்லை என்று கேள்விப்பட்டோம்.

மறுநாள் காலையில் அவள் மாமியார் ராமாயி மகனோடு வந்து தெருவில் நின்று கத்தினாள்.

"எங்க ஊட்டுப் புள்ளையோட படத்த எவனுக்குடி வித்த? திருடி! நெகட்டிவு உங்கிட்டத்தான இருந்துச்சு?"

"நான் எடுத்தது கறுப்பு வெள்ளைங்க. அது கலருங்க" என்றாள் ஷாஹிஸ்தா.

"கலர் ஏத்தறதெல்லாம் இப்பப் போனுலயே ஆவுதும்மா" என்று பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தான் ஆனந்தகுமார். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலும் இவள் பேரைச் சொல்லிப் பேசி அனுப்பினான். மறுவாரமே, இவளை வரச் சொல்லியிருந்த இரண்டு கல்யாணக்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அந்தச் செய்தி வந்த அன்று மத்தியானம் என் தையல் கடையில் உட்கார்ந்து அந்தப் பாழாய்ப்போன படத்தை என் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். முந்தானை வலது தோளில் கிடந்தது. கல்யாணத்தில் அந்தச் சேலையைக் கட்டிவிட்டவளே நான்தான், முந்தானையை இடது தோளில் பின் குத்தியது இந்தக் கை. உற்றுப் பார்த்தால் படத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள். யாஷிகாவின் உள்கண்ணாடியில் இருக்கும் அதே கோடுகள். எவனோ ஷாஹிஸ்தாவின் தோளுக்கு மேலாகப் போனை நீட்டி, அந்தக் கண்ணாடியைப் படம் பிடித்திருக்கிறான்!

கத்தரிக்கோலைக்கூடக் கீழே வைக்காமல் அவள் வீட்டுக்கு ஓடினேன்.

"தெரியுமுங்க்கா" என்றாள், அரிசி களைந்துகொண்டே.

"என்னடி தெரியும்?"

"நீங்க பந்தியில இருந்தீங்க. அந்தப் படம் எடுக்கறப்ப எனக்குப் பொறத்தால நின்னது மாப்பிள்ள ஒருத்தர்தான். உங்க பொண்டாட்டி எப்படித் தெரியுதுன்னு பாருங்கன்னு நாந்தான் கூப்பிட்டுக் காட்டுனேன்."

"அப்புறம் வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த? அவன் எதுக்க நின்னு பேசறப்பவே செவுனியில ஒரு அறை உட்டிருக்க வேண்டாமா?"

"கல்யாணமாயி ஒரு மாசங்கூட ஆகலீங்க. நான் சொன்னா அந்தப் புள்ள எங்க போயி நிக்கும்? என் பேருக்காக அது வாழ்க்கையில கல்லத் தூக்கிப் போடச் சொல்றீங்களா?"

"கல்லு உன் கையில இல்லடி, அவ பக்கத்துலயே படுத்திருக்குது!"

அரிசிச் சட்டியை டங்கென்று வைத்தாள். கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. அவளுக்கும் கோபம் இல்லாமல் இல்லை, விழுங்கி விழுங்கி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இனியா, புருஷன், மாமியார் மூன்று பேரும் போட்டோவை வாங்க வந்தார்கள். இனியா பாதியாக இளைத்திருந்தாள். ஷாஹிஸ்தா கவரை நீட்டினாள். "இதுல எத்தன மறைச்சு வெச்சிருக்கறாளோ" என்றாள் ராமாயி. நான் வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இனியா கவரிலிருந்து அந்த ஜன்னல் படத்தை எடுத்தாள். போனையும் அதற்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முந்தானை மாறியிருக்குதே. ஏனுங்க்கா, நீங்க குனிஞ்சு பாப்பீங்களே, அதுல எப்படித் தெரியும்?"

ஷாஹிஸ்தா அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் விடுவேனா? அலமாரியிலிருந்து கேமராவை எடுத்து, மூடியைத் திறந்து, அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டேன்.

அவள் அதை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துப் புருஷன் பக்கம் திருப்பிக் குனிந்தாள். கண்ணாடியில் அவன் சட்டைப் பை வலது மார்புக்குப் போயிருக்கும். முகத்தின் மேல் கோடுகள் ஓடியிருக்கும். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

"அக்காவுக்குப் பொறத்தால நீங்கதான் நின்னீங்க" என்றாள். "உங்களப் பாத்துத்தான் நான் சிரிச்சேன்."

அவனுக்கு வேர்த்துவிட்டது. "கூட்டாளிக்கு மட்டுந்தான் அனுப்புனேன். அவன் போடுவான்னு நான் கண்டனா? அதுவுமில்லாம என் பொண்டாட்டி படத்த நான் அனுப்புனா என்ன தப்பு?"

கேட்டான் ஐயா, வாய் கூசாமல் கேட்டான்!

ராமாயி சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "செரி செரி, உடுங்க. இது எங்க ஊட்டு விசயம். நாங்க பேசிக்கறோம்."

அப்போதுதான் ஷாஹிஸ்தா வாயைத் திறந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"அன்னைக்குத் தெருவுல நின்னு திருடின்னீங்களே, அப்ப ஊர் விசயம். இன்னைக்கு மட்டும் ஊட்டு விசயமாயிருச்சுங்களா? ஏனுங்க மாப்பிள்ள, வாங்க பாருங்கன்னு கூப்பிட்டுக் காட்டுனனே, அதுக்கா இது? எந்த வாயில என்னத் திருடின்னு பேசி அனுப்புனீங்களோ, அதே வாயில இப்பப் பேசி அனுப்புங்க. நான் கேக்கற மாதிரி பேசுங்க. பேசாம இந்த வாசப்படியத் தாண்டிருவீங்களா?"

நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். என் உடம்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தாண்ட முடியாது.

ஆனந்தகுமார் போனை வாயருகே கொண்டுபோனான். "அந்தப் படத்த அனுப்புனது நான்தான். ஷாஹிஸ்தா அக்கா மேல தப்பில்ல" என்று பேசிக் குரூப்பில் போட்டான். "போதுங்களா?" என்று வேறு கேட்டான்.

ராமாயி மருமகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "முடிஞ்சுபோச்சில்ல, வா போலாம்."

இனியா கையை உதறினாள். கேமராவை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டுப் புருஷனுக்கு நேரே வந்து நின்றாள்.

"அது அக்காவுக்குச் சொன்னது. எனக்கு என்ன சொல்லப் போறீங்க?"

அவன் அம்மாவைப் பார்த்தான்.