அப்பா பேட்டி கொடுத்த அன்று மகள் மறைத்த வலி

ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர் என் கணவர். போன மாதம் அவரைப் பேட்டி காண ஓர் ஆராய்ச்சி மாணவி எங்கள் வில்லாபுரம் வீட்டுக்கு வந்தாள். முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆய்வு.

“உடம்புக்கு முடியலைன்னா உடனே டாக்டர்கிட்ட சொல்வீங்களா சார்?”

அவர் சிரித்தார். “பட்டாளத்துல உடம்பு சரியில்லன்னு சிக் ரிப்போர்ட் போடுறவன வேலைக்குப் பயந்தவன்னு கேலி பண்ணுவோம் தங்கச்சி. டாக்டரே கேட்டாலும் ஃபிட்டுன்னுதான் சொல்லுவோம். இல்லாட்டி புரமோஷன் போயிரும். என் மகளும் அப்படித்தான். ஏத்தா, இங்க வா.”

ப்ளஸ் டூ படிக்கும் மகள் சுவரைப் பிடித்தபடி வந்தாள். முகமெல்லாம் வேர்வை. காலையில் அவள் சாப்பிடாததைப் பரீட்சைப் பயம் என்று நானும் விட்டிருந்தேன்.

“எங்கயாச்சும் வலிக்குதா?” என்று மாணவி கேட்டாள்.

“இல்லக்கா, ஃபிட்டா இருக்கேன்” என்றவள், வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம். குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்ததாம். உடனே அறுவை சிகிச்சை செய்தார்கள், பிழைத்துக்கொண்டாள். கண் விழித்ததும், “நேத்தே வலிச்சுச்சும்மா. சொன்னா அப்பா கேலி பண்ணுவாகன்னு இருந்துட்டேன்” என்றாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

இப்போது எங்கள் வீட்டில் “நல்லா இருக்கியா?” என்று யாரும் கேட்பதில்லை. “எங்க வலிக்குது?” என்றுதான் கேட்கிறோம். நேற்று மகள் அவரிடமே கேட்டாள். காலை நீட்டிக் காட்டி, “முட்டி ரெண்டும் வலிக்குதுத்தா. பட்டாளத்துல இருந்தே” என்றார்.

நாளைக் காலை முதல் வேலையாக அவரை டாக்டரிடம் அழைத்துப் போகிறேன்.