நான் பூசிவிட்ட திருநீறு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை காலை, பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் நடந்தது இது. அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஒப்பரேசன் செய்தே ஆகவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அப்பாவும் இல்லை, அண்ணா கனடாவில். கூட நின்றது நான் மட்டும்தான்.

அப்போது நான் ஞானஸ்நானம் எடுத்துச் சில மாதங்கள்தான். எங்கள் வீட்டில், ஏன், எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அத்தனை வீட்டிலுமே சபைக்குப் போன முதல் ஆள் நான்தான். புதிய விசுவாசிகளுக்கான வகுப்பில் ஜெபம், வேதவாசிப்பு, சபை ஐக்கியம் என்று சொல்லித்தந்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் செய்துவந்தேன். அதோடு, யாரும் கேட்காமலே நானாக ஒரு சட்டமும் போட்டுக்கொண்டேன்: இனித் திருநீற்றைத் தொடுவதில்லை. கிணற்றடியில் முழுகிவிட்டு வந்த என்னிடம் அம்மா வழக்கம்போலத் திருநீற்றை நீட்ட, வேண்டாம் என்று ஒதுங்கினேன். அன்றிலிருந்து அம்மா என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. சாப்பாட்டை மட்டும் மூடி வைத்துவிடுவார். பிடிவாதத்தில் நான் அவருக்குக் குறைந்தவளா என்ன? நானும் இறங்கிப்போகவில்லை.

வார்ட்டில் அம்மாவுக்கு உடுப்பு மாற்றி, வலது கையில் ஊசி ஏற்றிப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள். தியேட்டருக்குக் கொண்டுபோக ஆட்கள் வரும் நேரம். அதுவரை தைரியமாக இருந்த மனுசிக்கு உதடு காய்ந்துவிட்டது. தலையணைக்குக் கீழே எதையோ தடவினார். கடதாசியில் மடித்த திருநீற்றுச் சரை. வலது கை அசையவில்லை. இடது கையால் திருநீறு பூசுவதை எங்கள் ஆட்கள் நினைத்தும் பார்க்கமாட்டார்கள்.

என்னைப் பார்த்தார். "பயமாக் கிடக்கு பிள்ளை. நீ பூசிவிடுவியோ?"

பிச்சை கேட்பது போல அம்மா என்னிடம் கேட்டதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு கணம் என் சட்டம் குறுக்கே வந்து நின்றது. இவர் திரும்பி வராவிட்டால் என்ற எண்ணமும் கூடவே வந்தது. சரையைப் பிரித்து, மூன்று விரலால் எடுத்து, நெற்றி நிறையப் பூசிவிட்டேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "உன்ரை ஆண்டவரிட்டையும் ஒருக்கால் சொல்லிவிடு. எனக்குக் கேக்கிற மாதிரிச் சொல்லு."

சபையில் நாலு பேர் முன்னால் ஜெபிக்கச் சொன்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று அடுத்த கட்டில்காரர் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அம்மாவின் கையைப் பிடித்தபடி, அம்மாவுக்குப் பயமாக இருக்கிறது, கூட இருங்கள் ஆண்டவரே என்று வாய்விட்டுச் சொன்னேன். அதற்கு மேல் எனக்கு அழுகைதான் வந்தது. நான் ஆமென் சொல்லுமுன்பே அம்மா முந்திக்கொண்டு, "சிவசிவா" என்று முடித்துவைத்தார்.

ஆட்கள் வந்து அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடும்வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டு போனார்.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. இன்றைக்கும் அம்மா திருநீற்றோடுதான் இருக்கிறார், நான் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறேன், இடையிடையே சண்டையும் பிடிக்கிறோம். ஆனால் விசுவாசத்தில் வளர்வது என்றால் என்ன என்று யாராவது கேட்டால், நான் படித்த பாடங்களுக்கு முன்னால், பயந்துபோய் என்னைப் பார்த்த அம்மாவின் அந்த முகம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.