மணவறையைக் கீழே போட்டால் என்ன?

உப்பளம் பகுதியில் இருக்கும் என் கல்யாண அலங்காரக் கடைக்கு இன்று காலை ஒரு பெண், தன் அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். மேடையில் மணவறை போட வேண்டும் என்றாள்.

அவர்கள் பிடித்திருக்கும் மண்டபம் எனக்குத் தெரியும். மேடைக்கு உயரமான படிகள், சாய்தளம் கிடையாது. அதைச் சொன்னேன்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "தாரை வார்த்துக் குடுக்க ஒன் சித்தப்பா ஏறட்டும்மா. நான் கீழருந்து பாத்துக்கறேன்."

"என்னை வளத்தது நீங்களா, சித்தப்பாவா?" என்றாள் அவள்.

மேடை அலங்காரத்தில்தான் எனக்கு லாபம். இருந்தாலும் சொன்னேன்: "மணவறையைக் கீழயே போட்டுடலாங்க. மேடை சும்மா கெடக்கட்டும்."

"பின்னால உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியாதே?" என்றார் அப்பா.

"அவங்க பந்திக்கு எப்பக் கூப்புடுவாங்கன்னுதான் பாத்துட்டிருப்பாங்க."

அவர் லேசாகச் சிரித்தார். பிறகு, "வண்டி திரும்ப எடம் விடுவீங்களா?" என்று கேட்டார். டேப்பை எடுத்து அவருடைய நாற்காலியை அளந்துகொண்டேன்.

மண்டபம் பிடிக்கும்போது ஏசி, பார்க்கிங், சமையல்கட்டு எல்லாம் பார்க்கிறோம். மேடைக்கு யாரால் ஏற முடியாது என்பதை முதலில் பாருங்கள்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் கீழேயே உட்கார்ந்துவிட்டவர் யார்?