தோணியில் ஏற்றிய கொச்சிக்கன்றுகள்

கார்த்திகை பிறந்தால் அம்மாவின் முகம் மாறிவிடும். வாவிக்கு மேலே வாடைக்காற்று எழுந்து முதல் மழை கூரையின் தென்னோலைக் கிடுகில் விழும்போது ஊரில் எல்லோரும் வயலைப் பற்றிப் பேசுவார்கள். அம்மா மட்டும் வீட்டு வளவின் கீழ் மூலைக்குப் போய்த் தன் கொச்சிக்கன்றுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மிளகாயை எங்கள் பக்கத்தில் கொச்சிக்காய் என்றுதான் சொல்வோம். கோடையில் அதை யாரும் வளர்க்கலாம். மாரியில் வேரைச் சுற்றித் தண்ணீர் தேங்கினால் பச்சையாக நின்றபடியே செத்துப்போகும்.

அம்மா முன்கூட்டியே வேலை தொடங்கிவிடுவாள். கிளைகளை அரைவாசிக்கு வெட்டுவாள். அடியில் மணலும் அடுப்புச் சாம்பலும் அணைத்து, தண்ணீர் வடியச் சுற்றிவரக் கான் இழுத்து, வாடைப் பக்கம் கிடுகு மறைப்புக் கட்டுவாள். அப்படிக் காப்பாற்றிய கட்டைகள் தையில் வெயில் பட்டதும் துளிர்க்கும். மற்றவர்கள் விதை தேடும் நேரத்தில் எங்கள் வளவில் பூ இருக்கும். அதிலும் அந்த வருடம் உலக யுத்தம். இந்தியாவிலிருந்து வரும் காய்ந்த கொச்சிக்காய் கடைகளில் இல்லை. காத்தான்குடிக் கடைக்காரர் வெறும் சாக்கை உதறிக் காட்டி, "வாசம் மட்டும்தான் இரிக்கி. வேணுமெண்டா மோந்துட்டுப் போங்க" என்றாராம்.

நான் அப்போது பட்டணத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தின் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பெருவிரலில் மை பூசாமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான். அதை நான் மறைத்ததும் இல்லை, அதற்காகக் கூச்சப்பட்டதும் இல்லை. இன்னும் ஒரு வருடம் படித்தால் ஆசிரியையாகலாம் என்று சொல்லியிருந்தார்கள். அம்மாவின் தமையனான அம்மானுக்கு அதில் விருப்பமில்லை. எங்கள் பக்கத்தில் தாயோடு பிறந்தவன் சொல்லை லேசில் தட்ட முடியாது. "புள்ள படிக்கட்டும். ஆனா நம்மட வழக்கத்த மறக்கிற நாளில நிப்பாட்டிப்போடுவன்" என்று அவர் தொடக்கத்திலேயே சொல்லி வைத்திருந்தார்.

மார்கழி விடுமுறைக்கு நான் வந்தபோது மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அப்பா வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வட்டையில் வயல் காவலில் இருந்தார். அவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு அம்மாவும் ஓடமேறிப் போனாள். போன அன்றே காற்று பலத்து, ஓடம் நின்றுவிட்டது. மறுநாள் எனக்குத் துடக்கு வந்தது.

மாதத் துடக்கு நாட்களில் பெண்கள் பின் தாழ்வாரத்தில் ஒதுங்கி இருப்பார்கள். அடுப்பைத் தொடக்கூடாது, வெற்றிலைக் கொடிக்குக் கிட்டப் போகக்கூடாது. கொச்சிக்கன்று இருக்கும் பக்கம் போகவே கூடாது. நிழல் பட்டாலே கன்று பட்டுவிடும் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் படித்த எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அம்மாவின் வீட்டில் அம்மாவின் முறைப்படிதான் இருந்தேன்.

இரண்டாம் நாள் காலையில் வாவி எங்கள் வேலிக்கு உள்ளே வந்துவிட்டது. முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு இறங்கிவிடும். ஆனால் வெட்டுவதற்கு அரசாங்கக் கச்சேரியிலிருந்து இன்னும் உத்தரவு வரவில்லை என்று வழியில் போனவர்கள் சொன்னார்கள். அம்மா வெட்டிய கான்கள் நிரம்பி, இனித் தண்ணீர் எங்கும் ஓட இடமில்லாமல், மணல் அணைப்பைத் தொட்டு நின்றது.

அடுத்த வளவு மாமி தன் ஆடுகளை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு இப்பால் நின்று கூப்பிட்டேன்.

"மாமி, கன்றுக்குள்ள தண்ணி வருது. வந்து கிளப்பித் தாங்களன்."

"ஆட்டக் கட்டிப்போட்டு வாறன் கா. நீ கிட்டப் போயிராத. அங்கனயே இரி."

"சுறுக்கா வாங்க மாமி."

"படிச்ச புள்ளதானே, தண்ணியோட இங்கிலீசில ஒருக்காக் கதைச்சுப் பாரன். நிக்கும்."

மாமிக்கு எங்கள் வீட்டோடு எப்போதும் இப்படி ஒரு சீண்டல். அவளுடைய தாழ்வாரத்தில் உடைந்த பானைகளில் நாலைந்து கொச்சிக்கன்று இருந்தது. அவை காய்களை மேல்நோக்கி நீட்டிக் காய்க்கும் சாதி. எங்களுடையது காய் தொங்கும் சாதி. "உங்கட காய் நிலத்தப் பாக்கும், எங்கட காய் வானத்தப் பாக்கும்" என்று அடிக்கடி சொல்லிச் சிரிப்பாள்.

அவள் வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, அவள் அதன் பின்னால் போய்விட்டாள். தண்ணீர் மணலைக் கரைத்து உள்ளே இறங்குவது தெரிந்தது. வேருக்கும் காற்று வேண்டும், தண்ணீர் அடைத்தால் அது அழுகும் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் அது பாடம் படிக்காமலே தெரியும், இல்லாவிட்டால் எதற்கு அத்தனை கான். மண்வெட்டியை எடுத்தேன்.

ஒவ்வொரு கன்றாக அடிமண்ணோடு கிளப்பி, பழைய ஓலைப் பெட்டிகளில் வைத்தேன். அப்பாவின் பழைய தோணி புளியமரத்தடியில் இரண்டு மரக்குற்றிகளின் மேல் கிடந்தது. பெட்டிகளை அதற்குள் வரிசையாக அடுக்கி, மேலே கிடுகு சாத்தினேன். கடைசி இரண்டு கன்றுக்குப் போகும்போது தண்ணீர் முழங்காலுக்குக் கிட்ட ஏறிவிட்டது. அவற்றின் மண் கையில் நிற்காமல் கரைந்து போயிற்று. நிமிர்ந்து பார்த்தால், ஆட்டைப் பிடித்துக்கொண்டு மாமி வேலியோரம் நிற்கிறாள்.

"தொட்டுப்போட்டியா?" என்றாள். சிரிப்பில்லை.

"தொடாட்டி அழுகிரும் மாமி."

அவள் ஆட்டை இழுத்துக்கொண்டு போனாள். அன்று பின்னேரமே முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள். விடியும்போது வளவில் சேறுதான் இருந்தது, தண்ணீர் இல்லை. இன்னும் ஒரு இரவு பொறுத்திருந்தால் நான் தொடாமலே கன்றுகள் தப்பியிருக்கலாம் என்று யாரும் சொல்லக்கூடிய நிலை.

அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டு, அம்மா ஓடமேறி வந்து சேர்ந்தபோது எனக்கு முழுக்கு முடிந்திருந்தது. தோணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எத்தினையாம் நாள்?"

"ரெண்டாம் நாள்."

அவள் திட்டவில்லை. மஞ்சள் கரைத்துக் கொண்டுவந்து கன்றுகளின் மேல் தெளித்தாள். பிறகு பெட்டி ஒவ்வொன்றையும் தூக்கி அடியில் ஈரம் வடிகிறதா என்று பார்த்தாள். இரண்டையும் ஒரே கவனத்தோடு செய்தாள்.

மூன்று நாளுக்குள் இலைகள் மஞ்சளித்து உதிரத் தொடங்கின. இடம் மாற்றிய கன்று இலை விழுத்தும் என்பது தெரிந்ததுதான். ஆனால் மாமியின் வாய் வழியாகச் செய்தி அம்மானுக்குப் போய்விட்டது. அவர் வந்து, தோணிக்குள் நின்ற வெறுங்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பள்ளிக்கூடம் எப்ப திறக்கிற?"

"பொங்கல் கழிஞ்சு" என்றாள் அம்மா.

"போற அண்டைக்குக் காலையில வாறன். எல்லாம் துளிர்த்திருந்தா, பிழையில்ல, போகட்டும். ஒண்டு பட்டுக் கிடந்தாலும் புத்தகத்தக் கட்டி வைக்கச் சொல்லு. வழக்கத்தயும் வயித்துக்குள்ள போறதயும் மதிக்காத படிப்பு நமக்கு வேணாம்."

அதற்குப் பிறகு எனக்கு வேறு யோசனை இல்லை. காலையில் முகம் கழுவுமுன் தோணியடிக்குப் போவேன். நகத்தால் தண்டை மெல்லச் சுரண்டுவேன். உள்ளே பச்சை தெரிந்தால் மூச்சு வரும். அடிக்கடி சுரண்டி நானே கொன்றுவிடுவேனோ என்று பிறகு பயம். வெயில் வந்தால் சூடு போதுமா என்று பயம், மேகம் மூடினால் மறுபடி மழையா என்று பயம். பொங்கல் பானை பொங்கி வழிந்தபோதுகூட நான் புளியமரத்துப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொங்கலன்று கணுக்களில் ஊசிமுனையளவு பச்சை கிளம்பியது. ஒன்றில், பிறகு அடுத்ததில். கடைசியாகக் கிளப்பிய இரண்டு மட்டும் அசையவில்லை. சுரண்டினால் உள்ளே தவிட்டு நிறம். அவற்றின் வேர் ஏற்கெனவே தண்ணீருக்குள் நின்றது, அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், என் கை பட்டதால் என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. அந்தக் குரல் எனக்கு அவமானமாக இருந்தது.

"அம்மா, ரெண்டு பட்டுப்போச்சு."

"உன்ர தகரப் பெட்டிய அடுக்கு" என்றாள் அம்மா.

"அம்மான் எண்ணிப் பாப்பார்."

"எண்ணட்டும். நீ அடுக்கு."

போகும் நாள் காலையில் என்னால் வெளியே வர முடியவில்லை. உள்ளே தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். அம்மானின் செருப்புச் சத்தம் தோணியைச் சுற்றி மெதுவாக நடந்தது. நின்றது. மறுபடி நடந்தது.

"எல்லாம் துளிர்த்துத்தான் இரிக்கு" என்று அவர் சொல்வது கேட்டது. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் சொன்னார். "மறுகா என்ன, ஓடம் போகப்போகுது. அனுப்பு."

கதவடியிலிருந்து பார்த்தேன். எட்டத்தில் எல்லாப் பெட்டியிலும் பச்சைப் புள்ளிகள். கிட்டப் போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இரவோடு இரவாகத் துளிர்த்துவிட்டன என்று நம்பிக்கொண்டு ஓடமேறினேன். அவ்வளவு படித்தவள் அப்படி நம்பினேன், ஏனென்றால் நம்பினால்தான் போகலாம்.

சித்திரை விடுமுறைக்கு வந்தபோது கன்றுகள் வளவில் மறுபடி வரிசையாக நின்றன, காயோடு. இடைவெளி எங்கும் இல்லை. ஆனால் வரிசையின் கடைசியில் இரண்டு கன்றில் மட்டும் காய்கள் மேல்நோக்கி நின்றன.

நான் பார்த்துக்கொண்டு நிற்பதை வேலிக்கு அப்பால் மாமி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னகா பாக்கிறாய்? வானத்தப் பாத்தா என்ன, நிலத்தப் பாத்தா என்ன, உறைச்சாக் காணும்."

"நீங்கதானே மாமி அம்மானுக்குச் சொன்னீங்க?"

"சொன்னன்தான். கண்டதச் சொல்லாம இரிக்க ஏலுமா? மறுகா நீ போற அண்டைக்கு உன்ர அம்மா விடியக்குள்ள வந்து வேலியடியில நிண்டா. வாய் திறந்து ஒண்டும் கேக்கல்ல. என்ர பானையத்தான் பாத்துக்கொண்டு நிண்டா. நான் என்ன செய்ய, ரெண்டக் கிளை வெட்டிக் குடுத்தன்."

அடுப்படியிலிருந்து அம்மா, "ரெண்டு பேரும் கதைச்சது காணும். சம்பலுக்குக் காய் பறிச்சுக்கொண்டு வா" என்றாள்.

அன்று மத்தியானம் அம்மான் சாப்பிட வந்தார். அம்மா இரண்டு சாதிக் காயையும் சேர்த்துத்தான் இடித்திருந்தாள். முதல் கவளத்திலேயே அவர் மூக்கை உறிஞ்சினார்.

"இது வேற உறைப்பா இரிக்கே. எந்தக் கன்றுக் காய்?"

"நம்மட கன்றுதான்" என்றாள் அம்மா. "இவள் தோணியில ஏத்தினது."

அவர் தலையைத் திருப்பி வளவைப் பார்த்தார். இருந்த இடத்திலிருந்து வரிசையின் கடைசியும் மேல்நோக்கி நின்ற காய்களும் நன்றாகத் தெரியும். அம்மா அடுப்பின் பக்கம் திரும்பி, எரிகிற விறகை உள்ளே தள்ளிவிட்டாள். பிறகு அவர் சோற்றுக் கோப்பையைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சம்பல் வை" என்றார். "தண்ணியும் தா, புள்ள."

நான் செம்பை நிறைத்து நீட்டினேன், அவர் வாங்கிக் குடித்தார்.