தண்டபாணி காய்ச்சிய முதல் பீர்

வத்தலக்குண்டில் காலை ஏழரைக்குக் கொடைக்கானல் பஸ் புறப்பட்டது. ஐம்பத்தெட்டாம் வருஷம், தை மாதம். முப்பது மைலுக்கு மேல் மலைப்பாதை. வழியில் ஊத்து என்ற ஊரில் நிறுத்தி எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். என் பையில் ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது. என் பள்ளித் தோழன் தண்டபாணியின் தங்கைக்குக் கல்யாணம். அவன் அப்பாவுக்குப் பழனியில் பஞ்சாமிர்தக் கடை. வெள்ளைக்காரன் வீட்டுச் சமையலுக்குப் போய்விட்டான் என்று ஆறு வருஷம் மகனோடு பேசாத மனுஷன், என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவனைக் கையோட கூட்டிட்டு வந்துருப்பா” என்றார்.

பதினொன்றரைக்குக் கொடையில் இறங்கினேன். பல் தந்தியடித்தது. ஏரியிலிருந்து அரை மைல் ஏற்றத்தில் துரையின் பங்களா, அதன் பின்னால் தண்டபாணியின் ஒற்றை அறை. அப்பா சொன்னதைச் சொன்னதும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஓடிப்போய்த் துரையிடம் லீவும் வாங்கி வந்துவிட்டான். தங்கைக்கென்று என்றைக்கோ வாங்கி வைத்திருந்த சிவப்புச் சால்வையை எடுத்துக் காட்டினான்.

மூன்று மணிக்கு ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தான். மதுவிலக்குக் காலம். துரைக்குப் பெர்மிட் உண்டு. அதில் கிடைப்பது அவருக்குப் பத்தவில்லை. அவர் சொல்லிக்கொடுத்தபடி, பக்கத்து மலைக்கிராமமான பூண்டியில் விளைந்த பார்லியை முளைகட்டி, இவன் முதல்முறையாகப் பீர் காய்ச்சியிருந்தான். துரைக்குக் கொடுக்குமுன் நாம் ருசி பார்ப்போம் என்றான். திறந்தபோது சத்தமும் இல்லை, நுரையும் இல்லை. ஒரு வாய் குடித்தவன் முகம் சுருங்கியது. நானோ அதுவரை பீரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இரண்டு டம்ளர் உள்ளே போனதும் தலை சுற்றுவதுபோல் பட்டது. குடித்தவன் எதையும் பேசலாம் அல்லவா? பேசினேன்.

“மாட்டுக்கறி வேகவைக்கிற கை. பந்தியில உன் பக்கத்துல எவன்டா உக்காருவான்? நீ வராம இருந்தாத்தான் உன் தங்கச்சிக்கு நல்லது.”

அவன் டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டான்.

மறுநாள் காலை ஏழு மணி. புல்லெல்லாம் உறைபனி. பஸ் வரை என்னோடு வந்தான், பெட்டி இல்லாமல். கையில் சால்வைப் பொட்டலம் மட்டும்.

“நேத்து போதையில என்னமோ உளறிட்டேன்டா, மனசுல வச்சுக்காத” என்றேன்.

“அதுல போதையே கெடையாதுப்பா. சூடு ஆறுமுன்னே ஈஸ்டைப் போட்டுட்டேன், அது செத்துப்போச்சு. ஒரு வாய் குடிச்சதுமே தெரிஞ்சிருச்சு. சொல்லலாம்னு வாயெடுத்தேன், அதுக்குள்ள நீ ஆரம்பிச்சிட்ட. நீ குடிச்சது வெறும் பார்லித் தண்ணி.”

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. காலில் விழுந்தாவது கூப்பிட்டிருக்க வேண்டும். கண்டக்டர் விசில் ஊதினார். மானங்கெட்டவன், பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டேன்.

ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தேன். வெள்ளி அருவி எந்த வளைவில் கடந்தது என்று தெரியாது. இறக்கத்தைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை, வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பழனி. கடையை அப்படியே விட்டுவிட்டு அவன் அப்பா பஸ் நிலையத்துக்கே வந்திருந்தார். நான் இறங்கிய பிறகும் கடைசி ஆள் இறங்கும்வரை படியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பய வரலையா?”

“லீவு கெடைக்கலையாம்” என்றேன்.

அப்போதும் நான் நிதானத்தில்தான் இருந்தேன்.