ஜப்பான்காரிக்கு ஓர் ஆமீன்

ஸலாஹுதீன் மாமா காரில் ஏறுமுன் செருப்பைக் கழற்றி, மணல் போகத் தட்டி, சோடியாக இருக்கைக்கடியில் வைப்பார். பிஸ்மி சொல்லி பட்டனை அமத்துவார். பிறகு சுட்டுவிரலைக் காற்றில் நிறுத்துவார். விரல் நிற்கும்வரை காருக்குள் யாரும் மூச்சுவிடக் கூடாது. எங்கிருந்தோ ஒரு ஜப்பான்காரி ஒரே ஒரு வசனம் சொல்வாள். "ஆமீன்" என்று விரலை இறக்கிவிட்டுத்தான் மாமா கியரைத் தொடுவார்.

அவர் எங்கள் பக்கத்து வீடு. கல்முனையில் பெயின்ற் கடை, ஊரில் கொஞ்சம் வயல். ஜப்பானில் யாரோ ஓடிக் களைத்த, சார்ஜிலும் பெற்றோலிலும் ஓடும் அந்த ஹைபிரிட் காரை வாங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

"அவள் என்னத்தச் செல்லுறாள் எண்டு தெரியுமா உங்களுக்கு?" என்பார் ஹாஜறா மாமி.

"பயண துஆ. வெளிக்கிடுற மனிசனுக்கு வேறென்னத்தச் செல்லுவாங்க?"

"கார் வித்தவன ஏசுறாளோ என்னவோ."

"ஒரு வசனத்தச் செல்லிப்போட்டு வாய மூடுறாள். பாத்துப் படி நீ."

போன மாதம் ஒரு காலை, திரை முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக விளக்குகள். கார் அசையவில்லை. காரைதீவிலிருந்து மெக்கானிக் குணம் மடிக்கணினியோடு வந்து, வயரைச் செருகி, நாடி பார்க்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"காக்கா, உப்புக்காத்து உள்ளுக்குப் போய் சார்ஜர் பெட்டி எரிஞ்சிட்டு. போற வழியில இன்வேட்டரையும் கொண்டு போயிட்டு."

"செலவு?"

"உங்கட வயல்ல ஒரு போகம்."

மாமா மதிலில் சாய்ந்தார். "மாடு வாங்கியிருந்தா சாணியாவது மிஞ்சியிருக்கும்," என்றார் மாமி.

ஆனால் வேறு வழியில்லை. மருதமுனையில் மாமியின் தங்கச்சி மகள் ஹிமாயாவுக்கு வெள்ளிக்கிழமை கலியாணம். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் மாப்பிள்ளை றிஸ்மியைத் தன் காரில், சத்தமே இல்லாமல், பெண்வீட்டு வாசலில் இறக்குவதாக மாமா ஊரெல்லாம் சொல்லியாயிற்று.

சாமான் மாற்றிக் கார் வந்தது. மாமா ஏறினார், அமத்தினார், விரலை நிறுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. விரல் மட்டும் நின்றது.

"இன்னும் சரியாகல்ல," என்று இறங்கிவிட்டார்.

குணம் மறுபடி வந்து பார்த்தார். "காக்கா, ஒரு கோளாறும் இல்ல."

"இரிக்கி, தம்பி." என்ன கோளாறு என்று சொல்ல அவருக்கு வெட்கம்.

வியாழக்கிழமை மாமியை முன்சீட்டில் ஏற்றி, பட்டனை அமத்தி, விரலை நிறுத்தினார். "ஒரு வசனம் செல்லு பாப்பம்."

"பாண் வாங்கிட்டு வாங்க."

மாமா காரை நிப்பாட்டிவிட்டு இறங்கினார்.

கடைசியில் மாமிதான் குணத்துக்கு போன் எடுத்தார். "தம்பி, அந்தப் பொம்புளட குரல் இல்லாம இந்த மனிசன் கார் எடுக்கமாட்டாராம். அவளக் கொண்டு வாங்க. நாளைக்கு மாப்பிள்ளைய ஓட்டோவிலயா ஏத்துற?"

"குரலா? ஐயோ அக்கா, டாஷ்போட்டுக்குக் கீழ இருந்த சின்னப் பெட்டி அது! இஞ்ச அதால ஒரு வேலையும் இல்ல எண்டு கழட்டிப்போட்டன்."

வெள்ளி காலை குணம் பழைய சாமான் வாளியைக் கவிழ்த்து, அவளைத் தேடியெடுத்து, திரும்பப் பூட்டினார்.

கோட் போட்ட மாப்பிள்ளை முன்னால், பலகாரப் பெட்டியோடு நான் பின்னால். விரல் எழுந்தது. அவள் சொன்னாள்.

"ஆமீன்." மாமா விரலை இறக்கினார். "கேட்டீங்களா மாப்பிள்ளை? பயண துஆ."

றிஸ்மி கோட் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து வாயைப் பொத்திக் குனிந்தார். தோள் குலுங்கியது. உம்மாவின் வீட்டை விட்டுப் பெண்வீட்டுக்குக் குடிபோகிற மாப்பிள்ளை, அழுகிறார் என்று நினைத்தேன். பிறகு நிமிர்ந்து, "ஓம் மாமா, நல்ல துஆ. ஆமீன்," என்றார்.

கார் அத்தனை அமைதியாகப் போனதில், பெண்வீட்டார் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாமா ஹோர்ன் அடித்துத்தான் மாப்பிள்ளையை இறக்கினார்.

றிஸ்மி ஐந்து வருடம் வேலை செய்தது ஜப்பானில் என்பது, பிறகொரு நாள் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோதுதான் எனக்குத் தெரியவந்தது. அவள் சொல்வதையும் அன்றுதான் சொன்னார்: அதிவேகப் பாதைக்குக் காசு கட்டும் அட்டை போடப்படவில்லை. எங்கள் பக்கம் அதிவேகப் பாதையே கிடையாது.