அமெரிக்க அன்ரிக்கு எழுதிய பதில்

நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய நோபல் பார்க் புறநகரில் என் வயதுப் பிள்ளைகள் நீச்சல் பழகப் போன சனிக்கிழமைகளில், நான் அம்மாவின் கடிதங்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அம்மா தமிழில் சொல்லச் சொல்ல, ஆங்கிலத்தில் தட்டி மின்னஞ்சலாக அனுப்புவேன். எனக்குப் பதினொரு வயது. ஆங்கிலம் முழுவதும் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு வேறு.

கடிதங்கள் அமெரிக்காவில் இருந்த ஓர் அன்ரிக்குப் போயின. அரபு நாடுகளில் பாஸ்போட்டைப் பறிகொடுத்து வீடுகளுக்குள் அடைபட்டிருக்கும் பணிப்பெண்களுக்காக அம்மாவும் அவரும் பாடுபட்டார்கள். அன்ரியின் பாட்டனுக்குப் பாட்டன் அடிமையாக விற்கப்பட்டவர். அடிமைமுறையை எதிர்த்தவர்கள் அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்குமாகக் கடிதம் எழுதியே சிநேகிதர் ஆனார்களாம். நாம் அவர்கள் வழி வந்தவர்கள் என்று அன்ரி ஒருமுறை எழுதியிருந்தார். அம்மாவுக்கு வேறு சிநேகிதிகள் இல்லை. முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் சாய்ந்தபடி, பதில் வந்ததா என்றுதான் முதலில் கேட்பார்.

ஒருநாள் கடிதத்தை முடிக்கும்போது, "உங்கட அன்புக்கு அடிமை எண்டு போடு பிள்ளை" என்றார். எனக்கும் அலுப்பு. சொல்லுக்குச் சொல் அப்படியே ஆங்கிலத்தில் போட்டுவிட்டேன்.

மூன்று வாரம் பதில் இல்லை. "நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?" என்று அம்மா ஒருமுறை கேட்டார். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது.

கடைசியில் பதில் வந்தபோது நான்தான் முதலில் வாசித்தேன். அடிமை என்ற சொல்லை எங்கள் வீட்டில் அன்போடு சேர்ப்பதில்லை, வாசித்ததும் கோபம் வந்தது, பிறகுதான் யோசித்தேன் என்று எழுதியிருந்தார் அன்ரி. உங்களையும் யாராவது அப்படி வைத்திருந்தார்களா, இருந்தால் எனக்குச் சொல்லுங்கள் என்றும் கேட்டிருந்தார்.

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அம்மாவிடம் காட்டாமல் நானே பதில் எழுதினேன். அது தமிழில் சும்மா சொல்லும் பேச்சு, அம்மாவுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை, மன்னியுங்கள். இரண்டு கடிதங்களையும் அழித்தேன். அடுத்த கடிதம் பழையபடி அன்பாக வந்தது. அம்மா சிரித்தார். நான் என் கெட்டித்தனத்தை மெச்சிக்கொண்டேன்.

போன வருடம் பேசின் என்ற ஊரில் உள்ள கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது, காரில் அம்மா திடீரென்று சொன்னார். "கலியாணத்துக்கு முன்னம் நானும் அரபு நாட்டில அப்பிடி ஒரு வீட்டில மூண்டு வருசம் அடைபட்டுக் கிடந்தனான்."

இத்தனை காலமும் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றார்.

ஒருவர் கேட்டிருந்தார். இல்லை என்று எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.